‘எந்திரன்’ நம் வீட்டுப் பிள்ளைகள் காணத்தக்க படமா?

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது, நம் பகுதியிலுள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, பிள்ளைகளுக்காக ஒரு மாலைப் பொழுதில் தமிழ்ப் படம் ஒன்றைத் திரையிடுவதென முடிவு செய்தன. எந்தப் படம் வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டபோது, பெரும்பாலோர் ‘எந்திரன்’ என்றனர். பெரியோரிடையே உடனே விவாதம் எழுந்தது.

சபை மூப்பர் ஒருவர், “மனிதனைப் படைத்தவர் கர்த்தர். மனிதன் மனிதனைப் படைக்கிறான் என்று சொல்லும் கதையை, கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடும் நாட்களிலா காட்டுவது?” என்று வினவினார். தாய்மாருள் ஒருவர் படைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுகளில் வரும் உடையையும் ஆட்டத்தையும் குறித்தே அவர் கவலைப்பட்டார். கல்லூரி மாணவர் ஒருவரோ, “தணிக்கைக் குழுவே எல்லோரும் பார்க்கலாம் என்று ‘யு’ சான்றிதழ் கொடுத்திருக்கிறது, அண்ணாச்சி. பிள்ளைகளில் பாதிப் பேர் கைப்பேசியில் முன்பே பார்த்தும் விட்டார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்றார்.

மூவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. ஆகவே படத்தை மீண்டும் கவனமாகப் பார்த்து அபிப்பிராயம் கூறும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டது. நாம் அதனை இரு முறை பார்த்தோம். ஒரு முறை தனித்தும், மறுமுறை இல்லத்தாருடன் அமர்ந்தும். அவ்வாறு பார்த்ததில், மூவரும் எழுப்பிய ஆட்சேபங்களைக் காட்டிலும், மூவருமே குறிப்பிடாத ஒரு காட்சிதான் நம்மை நிறுத்தி வைத்தது. அதனை நம் குடும்பங்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசலில் காவல் யார்?

சினிமாவைப் பற்றிய இக்கேள்வி நம் தீவுகளில் முன்னைக் காட்டிலும் இப்போது கனமாகியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள், சென்னையிலிருந்து நம் தலைநகருக்குக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பித்தடம் திறந்து வைக்கப்பட்டது. அந்நாளில் போர்ட் பிளேர் என்றிருந்த அந்நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் எனப்படுகிறது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய தீவுகளையும் இணைக்கிறது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியே வந்த இணையத்தில் ஒரு முழுப் படத்தைப் பெறுவது பொறுமைக்கு ஒரு சோதனையாக இருந்தது. இப்போது அப்படம் பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் உள்ளங்கைக்கு நொடியில் வந்துவிடுகிறது. ஊரிலிருந்து வரும் நல்ல பாட்டும் நல்ல பிரசங்கமும் அவ்வழியேதான் வருகின்றன என்பதையும் நாம் மறக்கலாகாது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் 100-க்கு ஏறத்தாழ 21 பேர் கிறிஸ்தவர்கள். நிக்கோபாரியர், சோட்டா நாகபுரியிலிருந்து வந்த ராஞ்சிக்காரர், மாயாபந்தர்ப் பக்கத்துக் கரேன் மக்கள், தமிழர் என்று பல மொழியாரும் அவருள் உளர். மொழி வேறாயினும், பிள்ளைகளின் கையிலுள்ள திரை எல்லா வீட்டிலும் ஒன்றே.

இதில் அரசாங்கத்தின் சான்றிதழ் எவ்வளவு தூரம் துணை செய்யும்? 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படியே நம் நாட்டில் படங்களுக்குச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. ‘யு’ என்றால் எவரும் காணலாம். ‘ஏ’ என்றால் வயது வந்தோர் மட்டும். 1983 முதல் ‘யு/ஏ’ என்ற இடைப் பிரிவும் வந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விடைப் பிரிவை 7, 13, 16 என்ற வயதுகளின்படி மூன்றாக வகுத்தது. இவை பயனுள்ள ஏற்பாடுகளே. ஆயினும் சான்றிதழ் வயதை மட்டும் பார்க்கிறது. அந்த வீட்டில் படத்தின் அருகே யார் அமர்ந்திருக்கிறார், படம் முடிந்தபின் யார் பேசுவார் என்பவற்றை அது அறியாது.

தடை வழியாகவும் இக்காரியம் முற்றுப்பெறுவதில்லை. 2006-இல் ‘தி டாவின்சி கோட்’ என்ற ஆங்கிலப் படத்தைக் கிறிஸ்தவர்களின் மனம் புண்படும் என்று தமிழ்நாடு அரசு நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையின் அனுபவமும் எண்ணத்தக்கது. 1934-இல் அமெரிக்கக் கத்தோலிக்கர் படங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். 1936-இல் பதினோராம் பத்திநாதர் சினிமாவைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, பெற்றோரின் பொறுப்பையும் காண்போரின் மனச்சாட்சியையும் தனியே எடுத்துரைத்தது. எந்தச் சபையினராயினும் நாம் இதிலிருந்து கற்க வேண்டுவது ஒன்றே: பட்டியல் உதவும், காவல் வீட்டாருடையது.

கதை

படத்தைப் பாராதவர் பொருட்டுக் கதையைச் சுருக்கிச் சொல்வோம். 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் வெளிவந்த ‘எந்திரன்’, ஷங்கர் இயக்கியது. எழுத்தாளர் சுஜாதா அதன் உரையாடலில் பங்கு கொண்டார். படம் வெளிவருமுன்னே, 2008-இல் அவர் காலமானார். ரஜினிகாந்த் இரு வேடங்களில் தோன்றுகிறார். ஒன்று விஞ்ஞானி வசீகரன். மற்றது அவர் பத்தாண்டு உழைத்துத் தம் சாயலிலேயே உருவாக்கிய சிட்டி என்னும் இயந்திர மனிதன்.

இராணுவத்திற்கென்று செய்யப்பட்ட சிட்டிக்கு அளவற்ற வலிமை உண்டு; நன்மை தீமை அறியும் அறிவு இல்லை. வசீகரனின் ஆசானாகிய போரா, அதனைப் பரிசோதிக்கும்போது, படைத்தவனையே குத்தச் சொல்லுகிறார். சிட்டி தயங்காமல் கத்தியை எடுக்கிறது. பின்னர் வசீகரன் அதற்கு உணர்ச்சிகளைக் கற்பிக்கிறார். உணர்ச்சி வந்ததும், வசீகரன் மணக்கவிருக்கும் சனாவையே அது விரும்பத் தொடங்குகிறது. கோபங்கொண்ட வசீகரன் அதனைக் கோடரியால் வெட்டிக் குப்பையில் எறிகிறார். போரா அதனை மீட்டெடுத்து, அழிவுக்கான சிவப்புச் சில்லு ஒன்றைப் பொருத்த, சிட்டி கொலையிலும் கடத்தலிலும் இறங்குகிறது. தன்னைப் போல் நூற்றுக்கணக்கானவற்றைச் செய்துகொள்கிறது. இறுதியில் சிவப்புச் சில்லு நீக்கப்படுகிறது. நீதிமன்றம் ஆணையிட, சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது.

படைத்தவனும் படைப்பும்

மூப்பரின் ஆட்சேபத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மனிதன் மனிதனைச் செய்யும் கதை நேற்றுத் தோன்றியதன்று. 1818-இல் மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நவீனத்தில், ஒரு மாணவன் உயிருள்ள உருவைச் செய்து, அதன் அவலட்சணத்தைக் கண்டு ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அப்படைப்பு கொலைகாரனாகிறது. ‘ரோபோ’ என்னும் சொல்லே 1920-இல் கரேல் சாப்பெக் என்ற செக் நாட்டு ஆசிரியர் எழுதிய நாடகத்தால் உலகிற்கு வந்தது. அம்மொழியில் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. 1927-இல் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட ‘மெட்ரோபொலிஸ்’ என்னும் மௌனப் படத்தில் இயந்திரப் பெண் ஒருத்தி வருகிறாள். அதனுள்ளேயே ஆதியாகமத்துப் பாபேல் கோபுரக் கதையும் ஒரு பகுதியாகக் காட்டப்படுகிறது. சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் இந்த ‘மெட்ரோபொலிஸ்’ இடம்பெற்றது. ஆக, விஞ்ஞானக் கற்பனை என்ற காரணத்தாலேயே ஒரு படம் விசுவாசத்திற்குப் பகையாகிவிடாது. தமிழிலும் 1963-இலேயே, எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிச் சென்றனர். அதைக் கண்ட பெற்றோரின் விசுவாசம் அதனால் குலைந்ததில்லை.

மற்றொரு சம்பவமும் நினைவுகூரத்தக்கது. 1951-இல் அமெரிக்காவில் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ என்ற படம் எடுக்கப்பட்டது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த ஒருவர் சுடப்பட்டு இறந்தபின், இயந்திரத்தின் துணையால் எழுகிறார். அந்நாட்டுப் படத்துறையின் ஒழுக்க விதி அலுவலகத்தார் இதனை ஆட்சேபித்தனர். உயிரளிக்கும் வல்லமை சர்வவல்லவருக்கே உரியது என்ற கருத்தில் ஒரு வசனம் சேர்க்கப்பட்டது. படம் அனுமதி பெற்றது. ஒரே ஒரு வசனத்தால் ஒரு படம் தகுதி பெறுமா? நமக்கு ஐயமே.

‘எந்திரனி’லும் அத்தகைய வசனம் ஒன்று உண்டு. சபையோர் நடுவே, கடவுள் உண்டா என்று சிட்டியைக் கேட்கிறார்கள். கடவுள் யாரென அது திருப்பிக் கேட்க, நம்மைப் படைத்தவர் என்று விடை வருகிறது. அப்படியாயின் தன்னைப் படைத்தவர் வசீகரன். ஆகவே கடவுள் உண்டு என்கிறது சிட்டி. அரங்கம் கைதட்டுகிறது. ஆத்திகரும் மகிழலாம், மற்றவரும் சிரிக்கலாம். இந்த ஒரு சாமர்த்தியமான பதிலைக் கொண்டு படத்தைப் போற்றவும் வேண்டா, தூற்றவும் வேண்டா. கதை முழுவதும் எத்திசையில் செல்கிறது என்பதைப் பார்ப்பதே முறை.

அவ்வாறு பார்த்தால், படம் மூப்பரின் பக்கமே நிற்கிறது. வசீகரன் படைப்பாளனாக வெற்றி பெறவில்லை. நன்மை தீமை அறியாததைச் செய்து, அதனைப் போருக்கு அனுப்ப எண்ணினார். அது தவறியபோது திருத்தவில்லை, வெட்டி எறிந்தார். காணாமற்போன ஆட்டைத் தேடிச் செல்லும் மேய்ப்பனின் உவமையை அறிந்த நம் பிள்ளைகளுக்கு, மெய்யான சிருஷ்டிகருக்கும் இந்த விஞ்ஞானிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது அரிது. தோட்டத்தில் மறைந்துகொண்ட ஆதாமைத் தேவன் தேடி வந்து கூப்பிட்டார். வசீகரன் கோடரியோடு வந்தார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிக் காட்டினால், மூப்பர் அஞ்சிய கதையே அவர் விரும்பும் பாடமாகிவிடும்.

பாட்டும் சண்டையும்

தாயாரின் கவலைக்கு நாம் நீண்ட சமாதானம் சொல்லப் போவதில்லை. அது சரியான கவலையே. பெரு நாட்டின் மலையுச்சியில் மாச்சு பிச்சு என்னும் பழைய நகரத்தருகே படம் பிடிக்கப்பட்ட பாட்டும் அதனையொத்த பிற ஆட்டங்களும் கதைக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் கதை அறுபடாது. தள்ளுவதற்கு ஒரு பொத்தான் போதும்.

சண்டையைக் குறித்து இதைவிடக் கண்டிப்பாகவே சொல்வோம். இறுதிப் பகுதியில் இயந்திரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருண்டையாகவும் பாம்பாகவும் மாறும் காட்சிகள் சிறுவருக்கு வேடிக்கையாக இருக்கின்றன. ஆனால் அவ்வேடிக்கையின் கீழே காவலரும் படைவீரரும் கணக்கின்றி மடிகிறார்கள். அவருள் ஒருவருக்கும் பெயரில்லை, அழுவாரும் இல்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மரணத்தைப் பார்க்கப் பழகுவது நன்றன்று. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அப்பகுதிக்கு முன்பே எழுப்பி அழைத்துச் சென்றுவிடலாம் என்பது நம் கருத்து.

யாரும் குறிப்பிடாத காட்சி

நம்மை நிறுத்தி வைத்த காட்சிக்கு இனி வருவோம்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பிடிக்கிறது. சிட்டி நெருப்பினுள் பாய்ந்து பாய்ந்து மக்களை ஒவ்வொருவராக வெளியே கொண்டு வருகிறது. எல்லோரும் வாழ்த்துகிறார்கள். அப்போது குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம் பெண்ணையும் அது தூக்கி வருகிறது. உயிரைக் காக்க வேண்டும் என்று அது அறியும். உடலை மறைக்க வேண்டும் என்று அறியாது. கூட்டம் பார்க்கிறது, படக்கருவிகள் பார்க்கின்றன. அந்தப் பெண் நாணம் தாங்காமல் ஓடுகிறாள். சாலையில் வந்த வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். 

படம் வெளிவந்த ஆண்டிலேயே நாம் இதைப் பார்த்திருந்தோம். ஆயினும் சென்ற மாதங்களில் யாரேனும் ‘எந்திரன்’ கதையைச் சொல்லச் சொல்லியிருந்தால், பாட்டும் சண்டையும் நினைவுக்கு வந்திருக்குமே ஒழிய இந்தப் பெண் நினைவுக்கு வந்திருக்கமாட்டாள். இதனை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். நம்மை நினைக்கச் செய்தவள் நம் இல்லத்திலுள்ள பதினொரு வயதுச் சிறுமி.

“அந்த அக்கா மேல் என்ன தப்பு, அப்பா? அவங்க ஏன் ஓடினாங்க?” என்று அவள் கேட்டாள்.

“தப்பு ஒன்றுமில்லை, அம்மா. வெட்கம் தாங்கவில்லை” என்றோம்.

சிறிது நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மறுபடி கேட்டாள்: “எனக்கு அப்படி ஆனாலும் நான் ஓடிடணுமா?”

நமக்கு உடனே விடை வரவில்லை. அவள் தாயார்தான் படத்தை நிறுத்திவிட்டு, அவளைத் தம் அருகே இழுத்து, “என்ன நடந்தாலும் சரி, நீ ஓடினால் வீட்டைப் பார்த்து ஓடி வா. வேறெங்கும் ஓடாதே” என்றார்.

அதன்பின் நாம் அக்காட்சியைப் பல முறை எண்ணிப் பார்த்தோம். அப்பெண்ணின் மரணத்தைப் படம் எதற்குப் பயன்படுத்துகிறது? இயந்திரத்திற்கு உணர்ச்சி இல்லை என்று நிரூபிக்க. அவளுடைய சாவுக்குப் பின் விஞ்ஞானிகள் இயந்திரத்தின் குறையைப் பற்றிப் பேசுகிறார்கள். கதை மேலே செல்கிறது. மானம் போனால் பெண் சாவது இயல்பு என்பதைப் படம் ஒரு கேள்வியுமின்றி ஏற்றுக்கொள்கிறது. அவளை நோக்கித் திரும்பிய கண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குற்றம் முழுவதும் இயந்திரத்தின் தலையில் ஏற்றப்படுகிறது. உணர்ச்சியுள்ள மனிதர் அத்தனை பேர் அங்கே நின்றிருந்தார்களே, அவர்கள் கணக்கு என்ன?

நம் வேதாகமத்தில் இதற்கு விடை இருக்கிறது. ஆதியாகமத்தில் நோவா தன் கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்தபோது, ஒரு மகன் அதைக் கண்டு வெளியே போய்ச் சொன்னான். மற்ற இரு மகன்மாரும் ஒரு வஸ்திரத்தைத் தோளின்மேல் விரித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியவர்களாய்ப் பின்னிட்டு நடந்து சென்று தகப்பனை மூடினார்கள். கண்டதைப் பரப்பினவன் ஒருவன். காணாமலே மூடினவர் இருவர். அதற்கும் முன்னே, ஏதேனை விட்டுப் புறப்படுகிற ஆதாமுக்கும் ஏவாளுக்கும் உடை செய்து உடுத்தினவர் தேவனே அல்லரோ? 

நம் திருவள்ளுவரும் நட்பைப் பற்றிச் சொல்ல வந்தவிடத்து, ஆடை நெகிழும்போது தானே விரையும் கையைத்தான் உவமையாக்கினார். அந்த விரைவு இயந்திரக் கைக்கு இல்லாதது வியப்பன்று. மனிதக் கைகள் அவ்விடத்தில் விரையாததே துக்கம்.

யோவான் சுவிசேஷத்தில், ஒரு பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திக் குற்றஞ்சாட்டினார்கள். அவளோ மெய்யாகவே குற்றம் சாட்டப்பட்டவள். நம் கதைப் பெண்ணைப் போல் தவறேதும் செய்யாதவள் அல்லள். அவளிடத்திலும் நம் ஆண்டவர் நடந்துகொண்ட விதம் என்ன? எல்லாக் கண்களும் அவள்மேல் இருக்க, அவர் குனிந்து தரையில் எழுதினார். இறுதியில் அவள் அவ்விடத்தை விட்டு உயிரோடு போனாள். கிறிஸ்தவக் குடும்பம் ஒரு கதையை எடைபோட இதைவிட நல்ல தராசு வேறில்லை. வெட்கமுற்ற பெண் உயிரோடு வீடு திரும்ப அக்கதை வழிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். வழிவிடாத கதையாயின், அவ்வழியைக் காட்டும் பொறுப்பு பெற்றோருடையதாகிறது.

இது கதைப் பேச்சு மட்டுமன்று. 2010-இல் படத்தில் கண்ட படக்கருவிகள் பத்திரிகைக்காரரிடம் இருந்தன. இன்று அவை நம் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளன. குளியலறைச் சாளரம், பள்ளிச் சுற்றுலா, கடற்கரையில் நனைந்த உடை, நண்பனிடம் நம்பி அனுப்பிய ஒரு படம் — இவற்றில் ஏதேனும் ஒன்று கைமாறினால் போதும். சிறு தீவில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். மாலைக்குள் செய்தி ஜெட்டிக்கு வந்துவிடும். கடலைக் கடந்து ஓடவும் இடமில்லை. ஆகவே நம் பெண்மக்களுக்கு ஒன்றும் நம் ஆண்மக்களுக்கு ஒன்றுமாக இரண்டு சொற்களை இன்றே சொல்லி வைப்பது நலம்.

பெண்மக்களுக்கு: உன் உயிர் எந்த வெட்கத்திலும் பெரியது; நடந்தது எதுவாயினும் வீட்டில் உனக்கு அடி இல்லை, கேள்விக்கு முன் அணைப்பு உண்டு. ஆண்மக்களுக்கு: எடுக்காதே, வந்ததைப் பாராதே, பிறருக்கு அனுப்பாதே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி, ஒருவரின் அந்தரங்க உடற்பகுதியை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும் மூன்று ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ பெறத்தக்க குற்றம். இடர்ப்பட்ட பிள்ளைகள் தாமாகவே அழைக்க 1098 என்னும் எண் உள்ளது. பெற்றோரிடம் சொல்ல அஞ்சும் பிள்ளைக்கும் அவ்வெண் தெரிந்திருக்கட்டும்.

இப்படத்தின் தொடர்ச்சியாக 2018-இல் வந்த ‘2.0’வைப் பற்றியும் சிலர் கேட்டனர். ‘யு/ஏ’ சான்றிதழ் பெற்ற அப்படத்தில், பறவைகளை நேசிக்கும் முதியவர் ஒருவர் கைப்பேசிக் கோபுரத்தில் தூக்கிட்டு இறந்து, பின்னர்ப் பழிவாங்க வருகிறார். கோபுர அலைகளால் பறவைகள் கூட்டங்கூட்டமாக மடிவதாக அதில் காட்டப்படுவது கதையேயன்றி, விஞ்ஞானம் உறுதி செய்த முடிவன்று. அதனினும் முக்கியமாக, அங்கும் மனமுடைந்த ஒருவருக்குச் சாவே வழியாகக் காட்டப்படுகிறது. ஆகவே அதற்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

நாம் கூறிய முடிவு

எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி பவுலடியார் தெசலோனிக்கேயருக்கு அறிவுரை எழுதினார். சோதிக்காமல் தள்ளுவதும், சோதிக்காமல் கொள்வதும் அவர் சொன்ன வழியல்ல. ஆகவே நாம் குடும்பங்களுக்குக் கூறிய அபிப்பிராயம் இதுவே:

படத்தைக் காட்டலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் பெற்றோருடன் அமர்ந்து காணட்டும். இளையோருக்கு வேறு விளையாட்டு ஏற்பாடு செய்யப்படட்டும். ஆட்டப் பாட்டுகளைத் தள்ளிவிடலாம். தீவிபத்துக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி விளக்கைப் போட வேண்டும்; பெரியோர் ஒருவர் ஐந்து நிமிடமாவது பேச வேண்டும். பேச ஒருவரும் இல்லையெனில் படமும் வேண்டா.

வீட்டில் காண்போர் பிள்ளைகளிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளையும் குறித்துக் கொடுத்தோம். சிட்டி தவறியபோது வசீகரன் செய்ததும், நாம் தவறும்போது தேவன் செய்வதும் ஒன்றா? அந்தத் தெருவில் நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்? அந்தப் பெண் உன் சகோதரியாயின், அவள் எங்கே ஓடி வந்திருக்க வேண்டும்? இவற்றிற்குக் கிறிஸ்தவ இல்லங்களில் மட்டுமன்றி, நம் சங்கத்தின் பிற சமய இல்லங்களிலும் இடமுண்டு என்று நம்புகிறோம்.

அவ்வாறே ஒரு மாலையில் படம் காட்டப்பட்டது. குறித்த இடத்தில் நிறுத்தப்பட்டது. விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் சிணுங்கினர்; சண்டைப் பகுதி இன்னும் வரவில்லையே என்று சிலர் முணுமுணுத்தனர். பேசுவதற்கென்று யாரை அழைப்பது என்று நாம் தயங்கிக்கொண்டிருக்கையில், படமே வேண்டாம் என்று சொன்ன அந்த மூப்பர் தாமாகவே எழுந்து முன்னே வந்தார். நீண்ட பிரசங்கம் வரும் என்று எதிர்பார்த்தோம். அவர் தம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் காட்டி, பையன்களைப் பார்த்து, “தம்பிகளா, இது எதுக்குத் தோளில் கிடக்கு? முகம் துடைக்க மட்டுமா?” என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. பின்வரிசையில் ஒரு சிறுவன் மட்டும், “மூடுறதுக்கு, தாத்தா” என்றான்.

“அதை மறக்காதே. இனிப் படத்தைப் போடுங்கள்” என்று சொல்லி, அவர் தம் இடத்தில் போய் அமர்ந்து, கடைசி வரை பார்த்தார்.

பிள்ளைகளின் கையிலுள்ள திரையை நாம் முற்றும் அணைத்துவிட இயலாது. அவர்களுடன் அமர்ந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பேச வேண்டியதைப் பேச நம்மால் இயலும். நம் குடும்பங்கள் இவ்வழக்கத்தை இந்த ஆண்டு முதலேனும் கைக்கொள்ள வேண்டுமென்பதே நமது விண்ணப்பம்.